அளவுக்கு மேல் காய்ந்த வில்

உப்பளம்,
8 பிப்ரவரி 2025

பூர்ணிமா டீச்சருக்கு,

வில்லு செய்யற சக்கரபாணி எழுதறது. பயப்படாதீங்க, சண்டை போட எழுதல. போன் பண்ணா எடுக்க மாட்டேங்கறீங்க. பத்தொம்பது தடவ பண்ணேன். அதுக்கப்புறம் என் பொண்டாட்டி வேம்பு போனைப் புடுங்கி அரிசி டின்னு மேல வெச்சிட்டா. நேர்ல வரலாம்னு மூலக்குளத்துக்கு வந்தா, உங்க ஸ்கூல் வாட்ச்மேன் என் பேரு எழுதின சீட்டைக் காட்டி, உள்ள விடக் கூடாதுன்னு உத்தரவுங்கறான். நாலு வருஷமா அந்த கேட்டு வழியா வில்லு தூக்கிட்டுப் போனவன் நான். அதான் காகிதம். இதுல ஒரு வசதி, நீங்களும் எழுதித்தான் பதில் சொல்லணும்.

ஜனவரி இருபதாந்தேதி, பொங்கல் லீவு முடிஞ்ச மொத நாளு, நான் செஞ்ச வில்லு கவிநிலா கையில முறிஞ்சு, மேல் பாதி தெறிச்சு அந்தப் புள்ளயோட இடது கண்ணுல அடிச்சுது. பதினாலு வயசுப் புள்ள. ரெண்டு ஆபரேஷன் பண்ணியும் பார்வை வரலன்னு கேள்விப்பட்டேன். அன்னியிலேருந்து எனக்கு சோறு எறங்கல. இதை நீங்க நம்பினாலும் சரி, நம்பாட்டியும் சரி.

உங்க ஸ்கூல்லேருந்து வில்வித்தை சங்கத்துக்கு ஒரு அறிக்கை போயிருக்கு. 'தரமற்ற மரம், தயாரிப்பாளரின் குறைபாடு' அப்படின்னு. கீழ உங்க கையெழுத்து. தரமற்ற மரமா? சடச்சி மரத்தை ரெண்டு வருஷம் நெழல்ல போட்டு ஆறவெச்சு, மூங்கில் பட்டை ஒட்டி, ஒரு வில்லுக்கு மூணு மாசம் ஒக்காந்தவன் நான். அந்த வார்த்தை எழுதும்போது உங்க கை கூசலியா?

சங்கம் என்னை மைதானத்துக்குள்ளயே வரக் கூடாதுன்னுடுச்சு. மார்ச் இருபத்தொம்பது விசாரணை. அன்னைக்குத் தப்பு என்னுதுன்னு முடிவாயிட்டா, இந்த ஊர்ல இனிமே ஒருத்தனும் என் வில்லைத் தொட மாட்டான். எனக்கு வேற தொழில் தெரியாது.

ஒரே ஒரு கேள்வி. ஜனவரி பத்துலேருந்து இருபது வரைக்கும் அந்த வில்லு எங்க இருந்துது?

சக்கரபாணி


மூலக்குளம்,
14 பிப்ரவரி 2025

மதிப்பிற்குரிய சக்கரபாணி அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைக்கப்பெற்றது. பள்ளியிலுள்ள வில்கள் அனைத்தும் தாங்கள் கூறிய முறைப்படியே பராமரிக்கப்பட்டு வந்தன. பயிற்சி முடிந்தவுடன் நாண் கழற்றப்பட்டது. மாதம் ஒருமுறை மெழுகு பூசப்பட்டது. இது தொடர்பாக மேற்கொண்டு கடிதம் எழுத வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பூ. பூர்ணிமா
வில்வித்தைப் பயிற்றுநர்


மூலக்குளம்,
15 பிப்ரவரி

அண்ணே,

நேத்து தபால்ல போட்டது கரஸ்பாண்டன்ட் சார் சொல்லச் சொல்ல நான் எழுதினது. உங்க கடிதத்தை ஆபீஸ்லயே பிரிச்சுப் படிச்சிட்டாங்க. அவர் ரூம்ல நிக்க வெச்சு என் கையாலயே பதில் எழுத வெச்சாங்க. இதைக் குஞ்சம்மா அக்கா கையில குடுத்தனுப்பறேன். இங்க பாத்ரூம் கழுவற வேலை செய்யறாங்க, வீடு உங்க உப்பளத்துலதான். இனிமே எழுதறதா இருந்தா அவங்க கிட்ட குடுங்க. ஸ்கூல் அட்ரசுக்கு எழுதாதீங்க, உங்களுக்குப் புண்ணியமா போவும்.

என் நிலைமை உங்களுக்குத் தெரியாது. நான் இங்க கோச் மட்டும் இல்ல, பொண்ணுங்க ஹாஸ்டலுக்கு வார்டனும் நான்தான். கேட்டுக்கு வெளிய போறதுன்னா சீட்டுல காரணம் எழுதி கையெழுத்து வாங்கணும். பாகூர்ல இருக்கற எங்கம்மாவைப் பாக்கறதுக்குக் கூட. வேலையில சேரும்போது ஒரிஜினல் சர்டிபிகேட் எல்லாத்தையும் வாங்கி வெச்சிக்கிட்டாங்க. பத்தாவது மார்க் ஷீட், பி.பி.எட்., நேஷனல்ஸ்ல ஆடினது, எல்லாம். ஆபீஸ் பீரோவுல பூட்டியிருக்கு. இங்க எல்லா டீச்சருக்கும் அப்படித்தான். அது கையில இல்லாம வேற எந்த ஸ்கூல் வாசப்படியும் ஏற முடியாது.

கவிநிலாவைப் பாக்க என்னை விட மாட்டேங்கறாங்க. அந்தப் புள்ள மொகம் கண்ணு முன்னாடியே நிக்குது. 

பூர்ணிமா


உப்பளம்,
17 பிப்ரவரி

டீச்சர்,

ரெண்டு கடிதம் வந்துது. ரெண்டையும் சேத்து வெச்சுப் படிச்சேன். நான் கேட்ட கேள்விக்கு ரெண்டுலயும் பதில் இல்ல. ஒண்ணுல அவரு மழுப்பறாரு, ஒண்ணுல நீங்க மழுப்பறீங்க.

நான் சொல்றேன் கேளுங்க. அன்னைக்கு சேதி கேட்டு நான் மைதானத்துக்கு ஓடியாந்தது ஞாபகம் இருக்கா? புள்ளைய ஆட்டோல ஏத்தினப்புறம், கீழ கெடந்ததுல ஒரு சாண் துண்டை எடுத்து சட்டைக்குள்ள வெச்சிக்கிட்டேன். இப்ப இந்தக் காகிதத்துக்குப் பக்கத்துல இருக்கு. குறுக்கால மொறமொறன்னு முறுக்கு ஒடிச்ச மாதிரி ஒடஞ்சிருக்கு. நல்ல மரம் அப்படி ஒடயாது. ஒடஞ்சாலும் நீளமாக் கிழியும், நார் நாரா நிக்கும், தெறிக்காது. ஈரம் ஏறின மரமா இருந்தா ஒடயவே ஒடயாது, வளஞ்சது வளஞ்சபடியே சோம்பேறி மாதிரி நிக்கும். இந்த மாதிரி ஒடஞ்சா ஒண்ணுதான் அர்த்தம். மரத்துல இருக்க வேண்டிய ஈரமும் போயிடுச்சு. நூத்துக்குப் பத்து பங்கு ஈரம் இருக்கணும். எங்க எதிர்வீட்டுல பிரெஞ்சு ராணுவத்துல பென்ஷன் வாங்கற சொல்தா இருக்காரு, அவரு கிட்ட ஈரம் பாக்கற மீட்டரு இருக்கு. கோயிலுக்குப் போற மாதிரி குளிச்சிட்டுப் போய் அதை வாங்கிட்டு வந்து அந்தத் துண்டுல வெச்சேன். முள்ளு எழுந்திரிக்கவே இல்ல.

அந்த மீட்டரைத் தூக்கிட்டுப் போய் விசாரணைல காட்டலாம். 'நீ வீட்டுல காயவெச்சுக் கொண்டாந்தே'ம்பாங்க. எனக்கு உங்க வாய்தான் வேணும்.

இந்த மாசம் மட்டும் பதினோரு வில்லைத் திருப்பிக் கொண்டாந்து போட்டுட்டாங்க. செவுத்துல சாச்சு வெச்சிருக்கேன். கடல் காத்து உள்ள வருது, செவுரு வேர்க்குது, வில்லெல்லாம் ஈரம் குடிக்குது. தெனம் தொடச்சி எண்ணெய் போட்டு வெக்கறேன். யாருக்காகன்னு வேம்பு கேக்கறா. எனக்கே தெரியல. வீட்டுக்குள்ளயே அடஞ்சு கெடக்கறேன், வெளிய போனா கண்ணைப் பறிச்சவன்னு பாக்கறாங்க.

மழுப்பாம சொல்லுங்க. ஈர வில்லு காயறதுக்கு அடியில பல்பு மாட்டியிருக்கற அந்த இரும்பு அலமாரியிலதானே வெச்சிருந்தீங்க?

சக்கரபாணி


மூலக்குளம்,
2 மார்ச்

அண்ணே,

ரெண்டு வாரமா எழுதி எழுதிக் கிழிச்சேன்.

ஆமாம். அலமாரியிலதான் இருந்துது.

டிசம்பர் புயல்ல ஸ்டோர் ரூமுக்குள்ள முழங்கால் தண்ணி வந்து ஒம்பது வில்லும் நனஞ்சது உங்களுக்கே தெரியும். நீங்கதான் வந்து ஒவ்வொண்ணாக் காயவெச்சுக் குடுத்தீங்க. எல்லாம் சரியாயிடுச்சு, கவிநிலாவோடது மட்டும் மறுபடி மறுபடி ஈரம் பிடிச்சுது. இழுத்தா தொளதொளன்னு இருக்குது மிஸ்னு அவ பொங்கலுக்கு முன்னாடி சொன்னா. அதனாலதான் வெச்சேன்.

லீவு முடிஞ்சு வந்து அதுக்கு நாண் ஏத்தினப்ப எப்படி இருந்துது தெரியுமா அண்ணே? புதுசு மாதிரி. கையில வெயிட்டே இல்ல. முப்பது மீட்டர்லேருந்து மூணு அம்பு விட்டா, மூணும் நடு மஞ்சள் வட்டத்துல போயி நின்னுது. அம்பு போற சத்தமே வேற மாதிரி இருந்துது. புள்ளைங்க எல்லாம் கை தட்டினாங்க. நானும் தட்டினேன். அடுத்த மாசம் செலக்‌ஷன், இவ போயிடுவான்னு மனசுக்குள்ள கணக்குப் போட்டுட்டேன். எங்க ஸ்கூல்லேருந்து மொத புள்ள. 'இன்னும் ஒரு ரவுண்டு விடட்டுமா மிஸ்'னு கேட்டா. விடுடின்னு சொன்னது நான்தான்.

 வெளிய சொன்னா என்ன ஆகும்னு கரஸ்பாண்டன்ட் சார் ஏற்கெனவே சொல்லிட்டாரு. 'நீ ஒரு வார்த்தை பேசினா தப்பு ஸ்கூலோடதாயிடும். அப்புறம் உன் சர்டிபிகேட்டை நீ கண்ணால பாக்க மாட்டே'ன்னாரு. கோவப்படக் கூட இல்ல, டீ குடிச்சிக்கிட்டே சொன்னாரு. வில்வித்தை கோச்சுன்னு ஒரு வேலை கெடைக்க எனக்கு ஆறு வருஷம் ஆச்சு. எங்க வீட்டுல நடவு நடப் போகாத மொத பொம்பள நான்தான்.

என்னை விட்டுடுங்கன்னு கேக்கத்தான் இந்தக் கடிதத்தை ஆரம்பிச்சேன். கேக்கவும் வாய் வரல.

பூர்ணிமா


உப்பளம்,
6 மார்ச்

பூர்ணிமா,

இனிமே டீச்சர், நீங்கன்னெல்லாம் வராது எனக்கு. கோவம் இருந்தப்ப வந்துது.

அந்த மூணு அம்பைப் பத்தி எழுதியிருந்தியே, அதைப் படிச்சிட்டு வாசல்ல போய் ஒக்காந்துட்டேன். மரம் ரொம்பக் காஞ்சா அப்படித்தான்மா பண்ணும். வெறைப்பா நிக்கும், லேசா இருக்கும், அம்பு சீறிக்கிட்டுப் போவும். நமக்கு சந்தோஷமா இருக்கும். ஒடயறதுக்கு முன்னாடிதான் ரொம்ப நல்லா விடும். இதை நான் உனக்குச் சொல்லியிருக்கணும். ஈரம் ஏறாம பாத்துக்கோ, ஈரம் ஏறாம பாத்துக்கோன்னு நாலு வருஷமா அதையே சொன்னேன். இந்த ஊர்ல மரம் காஞ்சு கெடும்னு எவன் நெனப்பான்?

உன்னை விட்டுடுன்னு நீ கேக்கல, ஆனா கேட்ட மாதிரிதான். நான் விட முடியாது. ஏன்னா எனக்கும் போக எடமில்ல. உன் சர்டிபிகேட்டு அவர் பீரோவுல இருக்கு. என் பேரு உன் கையெழுத்துக்குள்ள மாட்டிக்கிட்டிருக்கு. அதுக்குப் பூட்டு நீதான்.

நடந்ததை நடந்தபடி எழுதிக் குடு. தேதி, வில்லோட எடை, எத்தினி நாளு, எல்லாம். ஒரு வரி கூட மறைக்காத. பாதி உண்மை சொல்றதுக்கு நீ சும்மாவே இருக்கலாம்.

அண்ணன்,
சக்கரபாணி


மூலக்குளம்,
15 மார்ச் 2025

அண்ணே,

இந்தக் கடிதத்தை நீங்க சங்கத்துக்குக் குடுக்கலாம். என் கையெழுத்துதான், என் புத்தியோடதான் எழுதறேன்.

ஜனவரி 10 வெள்ளிக்கிழமை காலையில கவிநிலாவோட வில்லை கேன்டீன் தராசுல வெச்சேன். 618 கிராம். அது நல்லா இருக்கும்போது 575 கிட்ட நிக்கும். ஸ்டோர் ரூம்ல இருக்கற இரும்பு அலமாரியில, அடியில பல்பு எரியற எடத்துக்கு மேல தொங்க விட்டேன். தெனம் எடை பாக்கணும், ரெண்டு நாள் ஒரே எடை காட்டினா அன்னைக்கே வெளிய எடுக்கணும்னு நீங்க சொல்லியிருக்கீங்க. அது எனக்கு நல்லாத் தெரியும்.

மறுநாள் மத்தியானம் ஹாஸ்டலைக் காலி பண்ணச் சொன்னாங்க. நாப்பத்தெட்டு பொண்ணுங்களையும் பஸ் ஏத்தி விட்டேன். ஸ்டோர் சாவியை ஆபீஸ்ல குடுத்துட்டு பாகூர் போயிட்டேன். பஸ்ல ஒக்காந்தப்புறம்தான் பல்பு ஞாபகம் வந்துது. ஆபீசுக்கு போன் பண்ணேன். ஒரு பல்பு எரிஞ்சா ஸ்கூலா எரிஞ்சிடும், லீவு முடிஞ்சு வந்து பாத்துக்கோன்னாங்க. நானும் சரின்னு விட்டுட்டேன். எறங்கி அடுத்த பஸ்ல திரும்பி வந்திருக்கலாம். வரல. பத்து நாள் எரிஞ்சுது.

20ஆம் தேதி காலையில எடை பாத்தேன். 546. இவ்வளவு கொறையாதே, தராசு தப்பா காட்டுதுன்னு நெனச்சேன். ஒரு கிலோ சர்க்கரை பாக்கெட்டை வெச்சு சரி பாத்திருந்தா ஒரு நிமிஷத்துல தெரிஞ்சிருக்கும். புள்ளைங்க காத்திட்டிருந்தாங்க, பாக்கல. அந்த 546ஐப் பாத்துட்டும் வில்லை அவ கையில குடுத்தது நான்.

இன்னொண்ணு. ஒரு வரி கூட மறைக்கக் கூடாதுன்னீங்க, அதனால எழுதறேன். அலமாரியில எப்பவும் இருக்கறது நாப்பது வாட்ஸ் குண்டு பல்பு. புயல் முடிஞ்சு நீங்க வந்து நூறு வாட்ஸ் மாட்டினீங்களே, அப்ப எரிஞ்சிட்டிருந்தது அதுதான். அதை மாத்தணும்னு எனக்குத் தெரியாது.

அறிக்கையில நான் போட்ட கையெழுத்து பொய்.

பூ. பூர்ணிமா


உப்பளம்,
19 மார்ச்

பூர்ணிமா,

நல்லாரு. இந்தக் காலத்துல எவ எழுதிக் குடுப்பா இப்படி? படிச்சு முடிச்சதும் வேம்பைக் கூப்ட்டு சத்தமாப் படிச்சுக் காட்டினேன். ரெண்டு மாசத்துக்கப்புறம் அன்னைக்குத்தான் நான் சிரிச்சேன்னு அவ சொன்னா.

பல்பு வர்ற எடம் வந்துது. நான் எப்ப மாட்டினேன் நூறு, இந்தப் பொண்ணு என்னமோ ஒளறுதுன்னேன். வேம்பு கையிலிருந்த மொறத்தைக் கீழ வெச்சா. 'புயலுக்கு மறுவாரம் நாலு கடை ஏறி எறங்கி குண்டு பல்பு வாங்கிட்டு வந்தீங்களே. எல்லாம் எல்இடி ஆயிடுச்சு, நாப்பது கெடைக்கல, நூறுதான் கெடச்சுதுன்னு நீங்கதானே சொன்னீங்க'ன்னா.

கெடச்சது நூறுதான். ஒம்பது வில்லும் சொட்டச் சொட்ட நனஞ்சு கெடந்துது, சீக்கிரம் காயட்டும், ரெண்டு நாள்ல வந்து பழசை மாட்டிடலாம்னு நெனச்சேன். மறந்துட்டேன். சத்தியமா மறந்துட்டேன் பூர்ணிமா. பழைய பல்பு என் டூல்ஸ் பையில துணி சுத்தினபடியே இருக்கு.

உனக்கு மட்டும் சொல்றேன். எங்க வீட்டு அலமாரியில நாப்பதைப் போட்டு ஒரு மாசம் கூட விட்டிருக்கேன். ஒண்ணும் ஆனதில்ல.

ஒண்ணு கேக்கறேன், கோச்சுக்காத. அந்தக் கடசி பல்பு விஷயத்தை மட்டும் விட்டுட்டு மறுபடி ஒருவாட்டி எழுதிக் குடு. நாலே வரிதான். மத்ததெல்லாம் அப்படியே இருக்கட்டும், எல்லாம் உண்மைதானே? பத்து நாள் மறந்தது நீ, எடை பாத்துட்டும் குடுத்தது நீ. அதுல நான் ஒண்ணும் சேக்கச் சொல்லலியே. உனக்கு எப்படியும் வேலை போகப் போவுது. ரெண்டு பேரும் கெட்டு என்ன ஆகப் போவுது? நானாவது நின்னா பின்னாடி உனக்கு ஏதாவது ஒரு வழி பண்ணலாம்.

இதை எழுத எனக்கு வெக்கமாத்தான் இருக்கு. செவுத்துல பதினோரு வில்லு என்னையே பாக்குது. படிச்சதும் கிழிச்சுப் போட்டுடு.

சக்கரபாணி


மூலக்குளம்,
27 மார்ச்

சக்கரபாணி அண்ணனுக்கு,

உங்க கடிதத்தை நான் கிழிக்கல. யாருக்கும் காட்டவும் இல்ல. இதோட சேத்துத் திருப்பி அனுப்பறேன், உங்க கையாலயே என்ன வேணா பண்ணிக்கோங்க.

கரஸ்பாண்டன்ட் சாரும் நாலு வரிதான் கேட்டாரு அண்ணே. டீ குடிச்சிக்கிட்டே கேட்டாரு, நீங்க வெக்கப்பட்டுக்கிட்டே கேக்கறீங்க. எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கு. ஒரு நாள் முழுக்க உங்க மேல அவ்வளவு கோவம். நானும் ரெண்டு மாசம் அதையேதானே பண்ணேன்னு மறுநாள்தான் ஒறைச்சுது.

மறுபடி எழுதினேன். அதே கடிதத்தை, முழுசா, இன்னொரு காப்பி. நேத்து பல் வலின்னு சீட்டு எழுதிக் குடுத்துட்டு பஸ் ஏறி கனகசெட்டிக்குளம் போனேன். கவிநிலா வீட்டுக்கு.

அவங்கம்மா அஞ்சலாட்சி என்னைப் பாத்ததும் மீன் கூடையைக் கீழ வெச்சுட்டு அப்படியே நின்னாங்க.  நான் கடிதத்தை நீட்டினேன். 'எனக்குப் படிக்கத் தெரியாது, அவ கிட்ட குடு'ன்னாங்க. அந்தப் புள்ள காகிதத்தை வலது கண்ணு பக்கமாத் தள்ளிப் பிடிச்சுக்கிட்டு, அம்மாவுக்குக் கேக்கற மாதிரி வாய்விட்டுப் படிச்சா. ஒவ்வொரு வரியா. பத்து நாளு, 546, நூறு வாட்ஸ், எல்லாத்தையும். நடுவுல ஒரு எடத்துல கூட நிறுத்தல. நான் தரையில ஒக்காந்துட்டேன்.

முடிச்சிட்டுக் காகிதத்தை மடிச்சா. திட்டப் போறா, அடிக்கப் போறான்னு காத்திட்டிருந்தேன். அவ என்னைப் பாத்து, 'அப்ப நான் அதிகமா இழுத்ததாலே ஒடையலியா மிஸ்?'னு கேட்டா.

அவ்வளவு நாளும் அப்படித்தான் நெனச்சிட்டிருந்திருக்கா அண்ணே. மூணும் மஞ்சள்ல போச்சுன்னு ஆசையில கொஞ்சம் கூட இழுத்துட்டாளாம். தன்னாலதான் வில்லு ஒடஞ்சுது, தன்னாலதான் உங்களைத் துரத்தினாங்க, தன்னாலதான் நான் வந்து பாக்கலன்னு. ஆஸ்பத்திரியில கூட யாருகிட்டயும் சொல்லல. நானும் நீங்களும் இங்க ஒக்காந்துக்கிட்டு உன் தப்பா என் தப்பான்னு காகிதம் மாத்தி மாத்தி எழுதிட்டிருந்தோம், அந்தப் புள்ள மூணாவதா ஒரு தப்பைத் தன் தலையில தூக்கி வெச்சிக்கிட்டு மூலையில ஒக்காந்திருக்கு. இல்லடி, உன்மேல ஒண்ணுமே இல்லடின்னு சொன்னேன். அதுக்கப்புறம்தான் அழுதா. அவங்கம்மா வந்து அவளைக் கட்டிக்கிட்டாங்க. கொஞ்ச நேரம் கழிச்சு எனக்கும் தண்ணி கொண்டாந்து குடுத்தாங்க.

என் சர்டிபிகேட் அந்த பீரோவுலயேதான் இருக்கு. ராத்திரி தூக்கமும் வரப் போறதில்ல. பயமா இருக்கு, இல்லன்னு பொய் சொல்ல மாட்டேன்.

நாளன்னைக்கு சனிக்கிழமை பத்து மணிக்கு விசாரணை. நடந்ததெல்லாம் எழுதி உங்க கிட்ட குடுத்த அந்தக் கடிதத்தை நீங்க சங்கத்துக்குக் குடுத்தாலும் சரி, குடுக்காட்டியும் சரி. கவிநிலாவும் அவங்கம்மாவும் வராங்க. நான் எழுதினதை நானே படிக்கறேன்னேன். வேணாமாம். அவளே படிக்கறாளாம்.

பூர்ணிமா